ஏ4 தாள் அளவில் ஒரு வாசல்

ஆபீஸ் பிரின்டரில் பேப்பர் தீர்ந்து, புதுக்கட்டைப் பிரித்து அடுக்கும்போதெல்லாம் எனக்கு அரிசோனா பாலைவனம் ஞாபகத்துக்கு வருகிறது. சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும். சொல்கிறேன்.

அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவில் எழுந்திருக்கும் இரும்புச் சுவரில், விலங்குகள் போய்வர என்று அங்கங்கே ஓட்டை விட்டிருக்கிறார்கள். ஓட்டையின் அளவு ஏறக்குறைய ஓர் ஏ4 தாள். அந்தச் சுவரை ஒட்டி கேமராக்கள் வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2024இல் வெளியானது. அவர்கள் பார்த்த பகுதியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுவரில் இப்படி 13 ஓட்டைகள்தான் இருந்தன. கொயோட்டி, பேட்ஜர், ஹாவலீனா (நம்ம ஊர் காட்டுப்பன்றியின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) எல்லாம் அதில் நுழைந்து போகின்றன. மான் போகாது. கரடி போகாது.

எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்தது படித்து அல்ல, தற்செயலாக நேரில் பார்த்து. 2019 டிசம்பரில் ப்ராஜெக்ட் வேலையாக பீனிக்ஸ் பக்கம் ஆறு வாரம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை கூட வேலை பார்த்த நண்பனிடம் ஆர்கன் பைப் கள்ளித் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்றேன். "மச்சி, எல்லாரும் கிராண்ட் கேன்யன் போறான். நீ என்னடா கள்ளிச்செடி பாக்க மூணு மணி நேரம் கார் ஓட்டச் சொல்ற?" என்றான். ஆனாலும் வந்தான். வழியில் 'ஒய்' என்றே ஓர் ஊர் இருக்கிறது. இரண்டு நெடுஞ்சாலைகள் ஆங்கில ஒய் எழுத்து மாதிரிப் பிரியும் இடம் என்பதால் முதலில் அந்த ஒற்றை எழுத்துதான் பெயராம். ஊர்ப்பெயருக்குக் குறைந்தது மூன்று எழுத்தாவது வேண்டும் என்று விதி இருந்ததால் 'ஏன்' என்று பொருள்படும் சொல்லாக்கிவிட்டார்கள். அதற்கும் தெற்கே லூக்வில், எல்லைச் சாவடி. அங்கிருந்து மேற்கே எல்லையை ஒட்டியே ஒரு மண்சாலை போகிறது.

அன்றைக்கு எனக்கு அதிர்ஷ்டம் என்றே சொல்லவேண்டும். பழையதும் புதியதும் ஒரே சாலையில் இருந்தன. லூக்வில் பக்கம் புதுச் சுவர் ஏறிக்கொண்டிருந்தது: 30 அடி உயரம், ஆறு அங்குலச் சதுர இரும்புத் தூண்கள், தூணுக்கும் தூணுக்கும் நடுவில் நான்கு அங்குல இடைவெளி. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பழைய வாகனத் தடுப்பு. தண்டவாள இரும்பைப் பெருக்கல் குறி மாதிரி வெட்டி ஒட்டி, இடுப்பு உயரத்தில் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். கார், லாரி தாண்ட முடியாது. ஆனால் ஆடு குனிந்து போகும், மான் தாண்டிப் போகும், ஆமை நேராகவே போகும்.

நான் பொழைப்புக்கு நெட்வொர்க் மென்பொருள் எழுதுகிறவன். என் கண்ணுக்கு அந்த இரண்டும் இரண்டு ஃபயர்வால் விதிகளாகத் தெரிந்தன. வாகனத் தடுப்பு, 'சக்கரம் உள்ளதை மட்டும் நிறுத்து, மற்றதை விடு' என்கிறது. தூண் சுவர், 'எல்லாரையும் நிறுத்து, நான்கு அங்குலத்துக்குள் அடங்குபவனை மட்டும் விடு' என்கிறது. பல்லி, எலி, பாம்புக்கு அனுமதி. அதற்கு மேல் உடம்பு வளர்ந்த எல்லாவற்றுக்கும் மறுப்பு. விதியை எழுதியவர்கள் மனதில் வைத்திருந்தது ஒரே ஓர் உயிரினத்தை. அந்த உயிரினமோ விதியை மீறும் வழியைக் கண்டுபிடித்துவிட்டது. 2019 முதல் 2021 வரையான மூன்று நிதியாண்டுகளில் சுவர் 3,272 தடவை அறுக்கப்பட்டதாக அரசின் பதிவுகளே சொல்கின்றன. கடையில் கிடைக்கும் சாதாரண ரம்பம் போதுமானதாக இருந்தது. பிராங்ஹார்ன் மானுக்கு ரம்பம் வாங்க வழியில்லை.

மேலே சொன்ன 2024 ஆய்வின் முக்கியமான எண் இது: வாகனத் தடுப்பு இருக்கும் இடங்களோடு ஒப்பிட்டால், சுவர் இருக்கும் இடத்தில் விலங்குகள் கடப்பது 86 சதவீதம் குறைந்திருக்கிறது. முதலில் படித்தபோது, "பரவாயில்லையே, 14 சதவீதம் மிச்சம் இருக்கிறதே" என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பு. ஏன் தப்பு என்று புரிய எனக்குச் சில நாள் ஆனது.

மரபியலில் ஒரு பழைய கட்டைவிரல் விதி உண்டு. இரண்டு கூட்டங்கள் பிரிந்து வாழ்ந்தாலும், ஒரு தலைமுறைக்கு ஒரே ஒரு விலங்கு இங்கிருந்து அங்கே போய் குட்டி போட்டால் போதும், இரண்டும் மரபணு அளவில் ரொம்ப விலகிவிடாது. அதாவது மிகச் சன்னமான இணைப்பே போதும். ஆனால் அது பூஜ்யமாகக் கூடாது. இப்போது அந்த 86-ஐத் திரும்பப் பாருங்கள். அது எல்லா விலங்குகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு. கொயோட்டிக்குப் பாதிப்பு குறைவு, அதற்கு ஓட்டை இருக்கிறது. பெரிய உடம்புக்காரர்களுக்கு அது கிட்டத்தட்ட நூறு. சராசரி என்பது இப்படித்தான் ஆளை ஏமாற்றும். சர்வர் சராசரியாக நன்றாக வேலை செய்கிறது என்று அறிக்கை வரும், ஒரு குறிப்பிட்ட ஊர் வாடிக்கையாளருக்கு மட்டும் ஒரு வாரமாகப் பக்கமே திறந்திருக்காது.

சொனோரா பிராங்ஹார்னை எடுத்துக்கொள்வோம். 2002 வறட்சியில் அமெரிக்கப் பக்கம் மிஞ்சியவை வெறும் 21. அடைப்புக்குள் வைத்து இனப்பெருக்கம் செய்து மெல்ல மெல்ல எண்ணிக்கையை ஏற்றியிருக்கிறார்கள். பாலைவனத்தில் மழை ஊர் பார்த்துப் பெய்யாது. இந்தப் பள்ளத்தாக்கில் பெய்யும், அடுத்ததில் பெய்யாது. மழை பெய்த இடத்துக்கு நடந்து போவதுதான் இந்த விலங்கின் பிழைக்கும் வழி. அந்த நடையைத்தான் சுவர் எடுத்துக்கொள்கிறது.

ஓநாய்க் கதை இன்னும் தெளிவானது, ஏனென்றால் அதற்கு ஜிபிஎஸ் தரவு இருக்கிறது. மெக்சிகோ ஓநாய் என்ற உள்ளினம் ஒரு கட்டத்தில் ஏறக்குறைய அழிந்தே போனது. இன்று உலகில் இருக்கும் அத்தனையும் வெறும் ஏழு ஓநாய்களின் வாரிசுகள். அப்படியானால் புது ரத்தம் எவ்வளவு முக்கியம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில், கழுத்துப்பட்டி கட்டிய ஓர் ஆண் ஓநாய் நியூ மெக்சிகோவில் தெற்கு நோக்கி நடந்து வந்து சுவரில் முட்டியது. அதற்கு மிஸ்டர் குட்பார் என்று பெயர் வைத்திருந்தார்கள், சாக்லேட் பெயர். ஐந்து நாள் அது சுவரை ஒட்டியே 23 மைல் நடந்தது. வழி கிடைக்கவில்லை. வடக்கே திரும்பிவிட்டது. அந்த வரைபடத்தைப் பார்த்தேன். புள்ளிகள் ஒரே நேர்கோட்டில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. இயற்கையில் எந்த ஓநாயும் அப்படி நடக்காது. சில வாரங்களில் யாரோ சுட்டதில் அதற்கு ஒரு கால் போயிற்று. அதற்கும் சுவருக்கும் சம்பந்தமில்லைதான்.

பறவைக்கு என்ன கவலை, பறந்துவிடுமே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அந்தப் பக்கத்தில் கையளவு ஆந்தை ஒன்று இருக்கிறது. 2010இல் வந்த ஓர் ஆய்வின்படி அது பறக்கும் தடவைகளில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நான்கு மீட்டருக்கு மேலே போகிறது. மரத்துக்கு மரம் தாழப் பறந்து தாவுகிற சுபாவம். சுவர் ஒன்பது மீட்டர். சுவருக்காகச் செடிகொடிகளை வழித்து அகலமாகப் போட்ட மண்சாலை வேறு. சிறகு இருக்கிறது, ஆனால் பழக்கம் இல்லை.

பழக்கம் என்றதும் இன்னொரு கண்டத்துக்கு ஒரு நடை போய்வரலாம். செக் நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் ஷுமாவா என்ற மலைக்காடு. பனிப்போர்க் காலத்தில் அங்கே மின்வேலி. தாண்ட முயன்று மனிதர்கள் பலர் செத்தார்கள், மான்களும் சேர்த்து. 1989க்குப் பிறகு வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்து ஜிபிஎஸ் பட்டி கட்டிப் பார்த்தால், செம்மான்களில் பெரும்பாலானவை அந்த இல்லாத கோட்டை இன்னும் தாண்டுவதில்லை! ஒரு செம்மானின் ஆயுள் சுமார் 15 வருஷம். வேலியைக் கண்ணால் பார்த்த மான் ஒன்றுகூட உயிரோடு இல்லை. ஆனால் குட்டி முதல் வருஷம் தாய் பின்னாலேயே சுற்றி, அவள் போகும் எல்லையைத் தன் எல்லையாக எடுத்துக்கொள்கிறது. அது தன் குட்டிக்குக் கொடுக்கிறது. வேலியைக் கழற்ற அரசுக்குச் சில மாதம் போதும், மானின் தலையிலிருந்து கழற்ற எத்தனை தலைமுறை வேண்டுமோ.

நியாயமாக எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். அதே இரும்புத்திரைப் பகுதியில் மனிதர் நடமாட்டம் இல்லாமல் போனதால் அரிய பறவைகளும் செடிகளும் செழித்தன. முன்னாள் இரு ஜெர்மனிகளின் எல்லை, 1,393 கி.மீ., இன்று 'பசுமைப் பட்டை'. கொரிய எல்லையிலும் இதே கதை. ஆனால் கவனித்தால் அங்கே நன்மை செய்தது வேலி இல்லை. இரண்டு வேலிகளுக்கு நடுவில் மனிதன் உழாமல், வீடு கட்டாமல் விட்ட அகலமான நிலம். அரிசோனாவில் அந்த அகலம் கிடையாது. ஒற்றைச் சுவர், கூடவே ரோடு, பல இடங்களில் ராத்திரி விளக்கு.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். பாலைவனத்தில் சுவர் கட்டுகிறவனுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன கவலை என்று தோன்றும். ஜூலையில் மழைக்காலம் ஆரம்பித்தால் அங்கே காய்ந்த ஓடைகள் ஒரு மணி நேரத்தில் ஆறாகும். குப்பை, சுள்ளி, புதர் எல்லாம் அடித்துக்கொண்டு வந்து கம்பி இடுக்கில் அடைக்கும். அப்புறம் அது வேலி இல்லை, அணை. 2008 ஜூலையில் நோகாலெஸ் நகரில் நடந்தது இதன் இன்னொரு வடிவம். எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே பெயரில் நகரம். மழைநீர் மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவை நோக்கிப் பூமிக்கு அடியில் பெரிய கால்வாய் வழியாக ஓடுகிறது. அதில் ஆட்கள் வருகிறார்கள் என்று எல்லைக் காவல் படை கால்வாய்க்குள்ளேயே ஒரு கான்கிரீட் தடுப்புக் கட்டியது. மழை வந்தது, தண்ணீர் பின்வாங்கி மெக்சிகோ பக்கத்து ஊருக்குள் ஏறியது. நூற்றுக்கணக்கான வீடுகள் சேதம், இரண்டு பேர் பலி. 2011இல் ஆர்கன் பைப் பூங்காவில் ஒரு வெள்ளம் 40 அடி வேலியைப் பெயர்த்துக்கொண்டு போனது. 2021இல் டக்ளஸ் அருகே வெள்ளக் கதவுகள் கீலோடு பிய்ந்தன. எந்த ஊர்ப் பெரியவரைக் கேட்டிருந்தாலும் ஓடை எங்கே வரும் என்று சொல்லியிருப்பார்.

கேட்க வேண்டும் என்று சட்டமும் இருந்தது. அதைத்தான் தூக்கிவிட்டார்கள். 2005இல் நிறைவேறிய ரியல் ஐடி சட்டம், எல்லைத் தடுப்பு கட்ட எந்தச் சட்டம் குறுக்கே வந்தாலும் அதை ஒதுக்கிவைக்கும் அதிகாரத்தை உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் ஒருவருக்கே கொடுத்தது. 2008இல் ஒரே வீச்சில் 30க்கும் மேற்பட்ட சட்டங்கள் ஒதுக்கப்பட்டன. அழியும் உயிரினச் சட்டம், சுற்றுச்சூழல் மதிப்பீடு, தூய நீர், பூர்வகுடிகளின் கல்லறைப் பாதுகாப்பு எல்லாம் அதில் அடக்கம். வழக்குப் போட்டாலும் அரசியல் சாசன மீறல் என்றுதான் போடமுடியும். எங்கள் பாஷையில் சொன்னால், ஒரே ஆளுக்கு ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்து, லாக் எழுதுவதையும் நிறுத்தி வைத்த மாதிரி. 2018இல் ஒரு விஞ்ஞானிகள் குழு கணக்கெடுத்தபோது, தொடர்ச்சியான சுவர் வந்தால் வாழிடம் துண்டாகக்கூடிய உள்நாட்டு விலங்கு, தாவர இனங்கள் 1,506 என்று வந்தது. 2,500க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் அந்தக் கட்டுரையை ஆதரித்துக் கையெழுத்துப் போட்டார்கள், ஈ.ஓ. வில்சன் உட்பட. சட்டப்படி யாரும் அதைப் படிக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

அன்றைக்கு அந்த மண்சாலையின் முடிவில் நாங்கள் போய்ச் சேர்ந்தது கிட்டோபக்கிட்டோ என்ற ஊற்று. அரை ஏக்கர் குளம், சுற்றி நாணல், எல்லையிலிருந்து கல்லெறி தூரம். அங்கே உட்கார்ந்தால் மெக்சிகோவின் 2ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரி போகும் சத்தம் கேட்கும். குளத்தில் விரல் நீளத்துக்கு நீல மீன்கள், பப்ஃபிஷ். சொனோய்ட்டா சேற்று ஆமைக்கு அமெரிக்கப் பக்கம் இருக்கும் ஒரே இயற்கை வாழிடமும் இதுதான். என் நண்பன் அரை மணி நேரம் பேசவே இல்லை, அவனுக்கு அது பெரிய விஷயம்.

அடுத்த வருஷம், 2020இல், சுவர் அந்த இடத்தையும் எட்டியது. கான்கிரீட் கலக்கப் பாலைவனத்தில் தண்ணீர் எங்கே? நிலத்தடியில்தான். ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிணறு தோண்டமாட்டோம் என்றார்கள். அந்தக் கோடையில் குளம் வற்றிச் சேறு தெரிந்தது. ஊற்று 1990களிலிருந்தே குறைந்து வந்தது, அந்த வருஷம் வறட்சி, குளத்தின் கரையில் கசிவும் இருந்தது. ஆகவே சுவர் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஐசியூவில் இருக்கும் நோயாளியிடம் ரத்தம் எடுத்துவிட்டு, அவருக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை என்று சொல்வது ஒரு பதிலா?

அந்த ஊற்று தோஹோனோ ஓதம் மக்களுக்கும் அவர்களின் உறவினர்களான ஹியா செட் ஓதம் மக்களுக்கும் புனித இடம். முன்னோர்களைப் புதைத்த இடம். 1853இல் அமெரிக்கா மெக்சிகோவிடம் நிலம் வாங்கியபோது எல்லைக்கோடு அவர்கள் ஊர்களின் நடுவே போனது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. இன்றும் ஏறக்குறைய 2,000 பேர் மெக்சிகோ பக்கம் இருக்கிறார்கள். அக்கா இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். அவர்களின் தனி நிலத்துக்கு எல்லை நீளம் 62 மைல். அங்கே சுவர் வேண்டாம் என்று மறுத்து, வாகனத் தடுப்பை ஏற்றுக்கொண்டார்கள். 2019இல் கண்காணிப்புக் கோபுரங்களுக்கும் சம்மதித்தார்கள். சுவரைவிடக் கேமரா மேல் என்ற கணக்கு. கேமரா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும் வீட்டில் வாழ்வது எப்படி இருக்கும் என்று தெரியவில்லை, ஆனால் அவர்கள் இடத்தில் நானும் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

2020 பிப்ரவரியில் பூங்காவுக்குள் இருக்கும் மான்யுமென்ட் ஹில் என்ற குன்றை வெடி வைத்துத் தகர்த்தார்கள். போரில் இறந்தவர்களை அந்த மக்கள் அடக்கம் செய்த குன்று அது. சகுவாரோ கள்ளிகளும் புல்டோசரில் விழுந்தன. அந்தக் கள்ளி முதல் கிளை விடவே ஐம்பது, அறுபது, எழுபது வருஷம் ஆகும். ஓதம் மக்களுக்கு அது செடி இல்லை, ஆள். கோடையில் அதன் பழம் பறிப்பது அவர்களுக்கு மழையை அழைக்கும் சடங்கின் ஒரு பகுதி.

சுவர் உயரமானதால் மனிதர்கள் வராமல் போனார்களா? சான் டியேகோவின் ஒரு பெரிய மருத்துவமனை வெளியிட்ட கணக்கு: 2016–2018இல் சுவரிலிருந்து விழுந்து அனுமதிக்கப்பட்டவர்கள் 67 பேர். சுவர் 30 அடி ஆன பிறகு, 2019–2021இல், 375 பேர். ஏறுவது நிற்கவில்லை, விழும் உயரம்தான் கூடியது. ஏறாதவர்கள் சுவர் இல்லாத பாலைவனத்துக்குள் சுற்றிப் போகிறார்கள். அங்கே கிடைத்த உடல்கள் ஆயிரக்கணக்கில்.

கடைசியாக ஜாகுவார். அமெரிக்காவில் தெரியவந்த கடைசிப் பெண் ஜாகுவார் 1963இல் அரிசோனாவில் சுடப்பட்டது. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் ஆண்கள், சொனோராவிலிருந்து நடந்து வந்தவை. எல் ஹெஃபே என்ற ஆண் 2015 வரை டூசான் அருகே மலையில் கேமராவில் விழுந்தது, அப்புறம் காணோம். செத்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். 2021இல் சொனோராவில் ஒரு கேமராவில் மறுபடி வந்தது, உடம்புப் புள்ளிகளை வைத்து அடையாளம் கண்டார்கள். அதாவது போக ஒரு வழி இருந்திருக்கிறது. பெண் ஒன்று வடக்கே வந்தால்தான் குடும்பம். பெண் ஜாகுவார்கள் தாய் இருக்கும் இடத்தை விட்டு ரொம்ப தூரம் போகாது, மெல்ல மெல்லத்தான் நகரும். அதற்குப் பல பத்தாண்டுகள் வாசல் திறந்திருக்க வேண்டும்.

திறந்திருந்த பெரிய வாசல்களில் ஒன்று சான் ரஃபேல் பள்ளத்தாக்கு. 2022 கடைசியில் அரிசோனா ஆளுநர் அங்கே கப்பல் கன்டெய்னர்களை அடுக்கிச் சுவர் போல நிறுத்த ஆரம்பித்தார். உள்ளூர்க்காரர்கள் போய் இயந்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள், வேலை நின்றது, மத்திய அரசு வழக்குப் போட்டது, கன்டெய்னர்களை எடுத்தார்கள். 2025 ஜூனில் அதே பள்ளத்தாக்கில் 27 மைல் சுவர் கட்ட மத்திய அரசே ஒப்பந்தம் கொடுத்துவிட்டது. மறுபடியும் சட்டங்களை ஒதுக்கித்தான்.

அந்தப் பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்தில் ஹுவாச்சூக்கா மலை. 2023 டிசம்பரில் அங்கே ஒரு கேமராவில் ஒரு புது ஜாகுவார் விழுந்தது. கேமராவை வைத்தவர் விஞ்ஞானி இல்லை, பொழுதுபோக்காக மலையில் கேமரா வைக்கும் ஒருவர். தோஹோனோ ஓதம் மக்கள் அதற்குத் தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள்: ஓஷட் நூகுடம். ஜாகுவாரின் காவலன் என்று அர்த்தம். இதுவும் ஆண்தான்.